மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றியும் முன் பிரேக் பிடிக்கவில்லை: காற்றா, வேறு கோளாறா?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வண்டி 2015 பல்சர் 150. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் லீவர் பக்கமாக ஆயில் கசிந்ததால் கிட் (அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனும் ஆயிலை அடைக்கும் ரப்பர் கப்பும்) வாங்கி வீட்டிலேயே மாற்றியிருக்கிறீர்கள். அப்புறம் கீழே காலிப்பரில் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைத் திறந்து, ஒரு பாட்டில் டிஸ்க் ஆயில் (பிரேக் ஆயில்) தீரும்வரை ஏர் எடுத்திருக்கிறீர்கள். இருந்தும் லீவர் மெத்தென்று கைப்பிடி வரை போய்விடுகிறது. பக்கத்துப் பட்டறையில் "அசெம்பிளியையே மாத்திடுங்க" என்கிறார்கள், அதாவது மாஸ்டர் சிலிண்டரையே முழுசாக. "இன்னும் எவ்வளவு ஆயில் விட்டால் சரியாகும்?" என்பது நீங்கள் கேட்டது. உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் பதில், உள்ளே இருப்பது காற்றுதானா, இல்லை கிட் பொருந்தாததா என்பதை வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி என்பது. அது தெரியாமல் இன்னொரு பாட்டில் வாங்கினாலும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

நான் ஐடிஐ முடித்துவிட்டுப் பல வருடங்களாக இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்பவன். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மாட்டிய பிறகு "ஏர் போகவே மாட்டேங்குது" என்று தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் காற்று இருக்கும் இடம் ஒன்று, காற்று எடுக்கும் இடம் வேறொன்று. உங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். ஆனால் வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே என் ஊகத்தை மட்டும் நம்பாமல், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து பாருங்கள். அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம். "பின் பிரேக் இருக்கே" என்று தோன்றும். பிரேக் போடும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்தின் மேல்தான் சாய்கிறது. பின் டிரம்மை மட்டும் பலமாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி சீக்கிரம் நிற்காது.

நீங்கள் செய்த முறையில் ஏன் ஏர் போகவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மாஸ்டர் சிலிண்டரின் துளை 12 மில்லிமீட்டர், உள்ளே பிஸ்டன் ஓடும் தூரமும் 12 மில்லிமீட்டர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். லீவரை ஒருமுறை முழுதாக அழுத்தினால் வெளியே போகும் ஆயில் சுமார் 1.4 மில்லி. ஹோஸின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர், நீளம் ஒரு மீட்டர் என்றால் அதற்குள் நிற்கும் ஆயில் சுமார் 7 மில்லி. அதாவது ஒரு அழுத்துக்கு ஹோஸுக்குள் ஆயில் 20 சென்டிமீட்டர்தான் நகரும். நிப்பிளை மூடி, லீவரை விட்டு, மறுபடி அழுத்துவதற்குள் காற்றுக் குமிழ் மெல்ல மேலே ஏறிவிடும். நீங்கள் கீழே தள்ள, அது மேலே ஏற, பாட்டில்தான் காலியாகும்.

உள்ளே தங்கிய காற்று கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு மில்லி காற்றைப் பத்து மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கே 0.9 மில்லி ஆயில் போய்விடும். ஒரு அழுத்தில் வருவதே 1.4 மில்லிதான். மீதி இருப்பதை வைத்து பேடை டிஸ்க்கின் மேல் அழுத்த முடியாது. லீவர் கைப்பிடியைத் தொடுவதற்கு இவ்வளவு காற்றே போதும்.

கிட் மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டர் முழுக்கக் காலியாகிறது. திரும்ப மாட்டும்போது அதன் உள்ளேயும், ஹோஸை மேலே இணைக்கும் பஞ்சோ போல்ட்டின் குறுக்குத் துளையிலும் காற்று தங்கிவிடும். முழு அமைப்பிலேயே உயரமான இடம் அதுதான். கீழே நிப்பிள் வழியாக அதை இழுத்து வெளியேற்ற நினைப்பது கடினமான வழி. மேலேயே வெளியேற்றிவிட்டால் வேலை சுலபம்.

அதை இப்படிச் செய்யுங்கள். முதலில் பெட்ரோல் டேங்க்கின் மேல் தடிமனான துணி போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் தெறிக்காமல் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வதும் நல்லது. வண்டியை நிறுத்தும் விதத்தையும் ஹேண்டில் பாரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பஞ்சோ போல்ட், மாஸ்டர் சிலிண்டரின் மேல் இருக்கும் ஆயில் டப்பாவைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி வையுங்கள். ஆனால் டப்பாவின் அடியில் உள்ள துளைகள் ஆயிலுக்கு வெளியே தெரிந்துவிடக் கூடாது. மூடியைக் கழற்றி ஆயிலை நிரப்புங்கள். இப்போது லீவரை முழுதாக அழுத்த வேண்டாம். அரை அங்குலத்துக்கும் குறைவாக, மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். டப்பாவின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஹோஸையும் மாஸ்டர் சிலிண்டரையும் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே இதைச் செய்யுங்கள். வேகமாக அழுத்தினால் அந்தத் துளை வழியாக ஆயில் முகத்தில் பீய்ச்சும், கவனம்.

குமிழ் வருவது நின்றதும் பஞ்சோ போல்ட்டைச் சுற்றித் துணி சுற்றுங்கள். ஒருவர் லீவரை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் பஞ்சோ போல்ட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். காற்றும் ஆயிலும் நுரைத்துக்கொண்டு வரும். போல்ட்டை இறுக்கிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே இழுக்கப்படும். நுரை இல்லாமல் சுத்தமான ஆயில் மட்டும் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். என் அனுபவத்தில் உங்களுடையது போன்ற புகார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். லீவர் சட்டென்று கெட்டியாவது கையிலேயே தெரியும்.

அதன் பிறகுதான் கீழே நிப்பிள். நிப்பிளில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, அது முதலில் மேல்நோக்கி வளைந்து பிறகு பாட்டிலில் இறங்கும்படி வைத்தால், வந்த காற்று திரும்பப் போகாது. இங்கேயும் அதே வரிசைதான்: அழுத்து, பிடி, திற, மூடு, விடு. ஓபன் ஸ்பானரால் நிப்பிளின் முனைகள் மழுங்கிவிடும் என்பதால் ரிங் ஸ்பானர் வையுங்கள். மேலே டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை காலியானால் செய்த வேலை அத்தனையும் வீண்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கீழிருந்து மேலே தள்ளும் முறை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்சு வாங்கி, புது ஆயிலை நிரப்பி, சிரிஞ்சிலும் டியூபிலும் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு நிப்பிளில் மாட்டுங்கள். நிப்பிளைத் திறந்து மெதுவாகத் தள்ளுங்கள். காற்று தானாகவே மேலே போக விரும்புகிறது, நாமும் அதே திசையில் தள்ளுகிறோம். மேலே டப்பா நிரம்பி வழியும் என்பதால் முன்னதாகவே பாதி ஆயிலை எடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சிரிஞ்சை வைத்துத் தள்ளாமல் இழுத்தால், நிப்பிளின் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைந்து டியூபில் முடிவில்லாமல் குமிழ் வரும். அதைப் பார்த்து உள்ளே இன்னும் ஏர் இருக்கிறது என்று பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

சரி, இதெல்லாம் காற்று என்றால். காற்று இல்லை என்றால் எப்படித் தெரியும்? லீவர் கையில் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். நான்கைந்து முறை வேகமாக அடித்ததும் கெட்டியாகி, சற்று விட்டுவைத்தால் மறுபடி மெத்தென்று ஆனால், பெரும்பாலும் காற்று. கெட்டியான லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் காற்றைச் சந்தேகிக்காதீர்கள். காற்று சுருங்கும், ஆனால் சுருங்கிய இடத்தில் நின்றுவிடும். இறங்கிக்கொண்டே போகிறது என்றால் ஆயில் எங்கோ தப்பிப் போகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே பிஸ்டனின் ரப்பர் கப்பைத் தாண்டித் திரும்பப் போகிறது என்று அர்த்தம்.

இதை உறுதி செய்ய ஒரே சோதனை போதும். ஹோஸைக் கழற்றிவிட்டு, பஞ்சோ போல்ட் இருந்த இடத்தில் துளையில்லாத ஒரு போல்ட்டைக் காப்பர் வாஷரோடு போட்டு இறுக்குங்கள். மரை ஒத்துப்போக வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே 1.0, 1.25 என்று இரண்டு மரை புழக்கத்தில் உண்டு. மாற்றிப் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், அதனால் முதலில் கையாலேயே சுற்றிப் பாருங்கள். பிறகு மேலே சொன்னபடி சின்னச் சின்ன அழுத்தில் காற்றை விட்டு, லீவரைப் பிடியுங்கள். கல்லைப் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். நின்றால் மாஸ்டர் சிலிண்டரும் நீங்கள் மாட்டிய கிட்டும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஹோஸிலோ காலிப்பரிலோதான். நிற்காமல் உள்ளே இறங்கினால் கிட்டை மறுபடி வெளியே எடுக்க வேண்டியதுதான்.

கிட்டில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. கப்பின் விரிந்த விளிம்பு லீவரை நோக்கி இல்லாமல் சிலிண்டரின் உட்புறம் பார்த்து இருக்க வேண்டும். உலர்ந்த துளையில் அழுத்தித் திணித்தால் அந்த விளிம்பு மடிந்துபோகும். புது டிஸ்க் ஆயிலைத் தடவி, லேசாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவியிருந்தால் அந்த ரப்பர் ஊதிவிடும், அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பெட்ரோலில் கழுவியிருந்தாலும் அப்படியே. பிஸ்டன் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் அதன் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

துளையின் உட்சுவரை டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்து அலுமினியச் சுவரில் குழி விழுந்திருந்தால், அல்லது நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு இருந்தால், எத்தனை கிட் போட்டாலும் நிற்காது. அந்த நிலையில் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி, அசெம்பிளியை மாற்றுங்கள். மணல் தாள் போட்டுத் தேய்த்துச் சரி செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். துளை பெரிதாகிவிட்டால் கப் பிடிக்காது. பிரேக்கில் நான் அதைச் செய்ய மாட்டேன். சுவர் வழவழவென்று சுத்தமாக இருந்தால் அசெம்பிளிக்குச் செலவு செய்ய அவசியம் இல்லை.

மேலே சொன்ன ஊசி முனைத் துளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லீவரை விட்டிருக்கும்போது கப் அந்தத் துளைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும், ஹோஸில் உள்ள ஆயிலும் டப்பாவும் அதன் வழியாகத் தொடர்பில் இருக்கும். துளையில் அழுக்கு அடைத்திருந்தால், அல்லது பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராமல் கப் அதை மூடிக்கொண்டிருந்தால், மேலே காற்று வெளியேற வழியே இல்லை. ஏர் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதைவிட மோசமான விளைவும் ஒன்று உண்டு. ஓடும்போது சூடாகி விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியாமல் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தத் தொடங்கும். உரசலில் இன்னும் சூடு, அதனால் இன்னும் அழுத்தம், கடைசியில் முன் சக்கரம் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதனால் லீவரின் முனையில் சில மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் இருக்கிறதா, லீவரை விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். துளையைச் சுத்தம் செய்ய மின்கம்பிக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். ஊசியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும், அதன் பிசிறு கப்பைக் கிழிக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் சோதனையில் தேறிவிட்டது, காற்றும் போய்விட்டது, ஆனாலும் லீவர் மெத்தென்று இருந்தால் காலிப்பரின் பின்னை (அது நகரும் கம்பியை) பாருங்கள். உங்கள் வண்டியில் உள்ளது பின்னின் மேல் நகரும் வகைக் காலிப்பர். பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் காலிப்பர் நகராமல் வளைந்துகொடுக்கும், லீவரில் அது காற்று இருப்பதைப் போலவே தெரியும். இதைத் தெரியாமல் ஆயில் ஆயிலாகக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் பூசினால் சரியாகும். அடுத்தது ஹோஸ். 2015-இல் வந்த அதே ரப்பர் ஹோஸ் என்றால் மாற்றுவதற்கான வயது எப்போதோ ஆகிவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. ஒருவர் லீவரை அழுத்தும்போது இன்னொருவர் ஹோஸை விரல்களால் பிடித்துப் பார்த்தால், உப்பும் ஹோஸைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டப்பாவின் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 3-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140-க்கு இறங்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. இந்த ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆயிலில் ஓட்டாதீர்கள். போன வருடம் திறந்து மீதம் வைத்த பாட்டிலையும் ஊற்றாதீர்கள். டாட் 5 என்று வருவது சிலிக்கான், பெயர் அடுத்த எண்ணாக இருக்கிறதே என்று அதை இதில் கலக்கக் கூடாது.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு விஷயமும் உண்டு. ராத்திரி லீவரை அழுத்திக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவைத்தால் காலையில் கெட்டியாகிவிடும் என்பார்கள். பல வண்டிகளில் இது பலன் தருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏன் என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். குமிழ்கள் மெல்ல ஏறி மேலே ஒன்றுசேர்ந்து, காலையில் லீவரை விட்டதும் துளை வழியாகப் போய்விடுகின்றன என்பது ஒன்று. அழுத்தத்தில் காற்று ஆயிலிலேயே கரைந்துவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவது சரி என்றால் அந்தக் காற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதனால் கட்டிவைப்பதைக் கடைசியில் செய்யும் ஒரு கூடுதல் வேலையாக மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், காலையில் இன்னொரு முறை மேலேயும் கீழேயும் ஏர் எடுத்துவிடுவேன். ஆயில் பட்ட பேடைத் தேய்த்து, சூடு காட்டி மறுபடி போடலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பேடின் விலையை நினைத்துப் பார்த்தால் எனக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை, புதிது போடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளில் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், கம்பெனியின் ஸ்கேனரை மாட்டி உள்ளே இருக்கும் பம்பையும் வால்வையும் இயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான் மேலே சொன்னது ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு.

எல்லாம் முடிந்து லீவர் கெட்டியானதும், பஞ்சோ போல்ட்டின் இரண்டு பக்கமும் புதுக் காப்பர் வாஷர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக அடைக்காது. நிப்பிளை மென்மையாகத்தான் இறுக்க வேண்டும், அதற்குப் பஞ்சோ போல்ட் அளவு முறுக்கு கொடுத்தால் உள்ளேயே முறிந்துவிடும். லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்திருங்கள், இறங்கக் கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அன்று இரவு அப்படியே விட்டுவைத்து, மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் லீவரின் அடி, பஞ்சோ போல்ட், ஹோஸின் கீழ் இணைப்பு, நிப்பிள் ஆகிய நான்கு இடங்களிலும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். ஹோஸ் இணைப்பில் ஈரம் தெரிந்தால் அதிகமாக இறுக்கிச் சமாளிக்காமல் வாஷரை மாற்றுங்கள். லீவரின் அடியில் ஈரம் தெரிந்தால் கிட் பிடிக்கவில்லை, அப்போது கிட்டை வெளியே எடுத்துத் துளையின் சுவரை மறுபடி பாருங்கள்; அதில் குழியோ கோடோ இருந்தால் அசெம்பிளிதான்.